பின்வண்டி

பூட்ஸுக்குள் கால் இறங்கவில்லை. பஞ்சவர்ணம் பையனின் குதிகாலைத் தன் தொடைமேல் வைத்து, பூட்ஸின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து மேலே இழுத்தாள். கொட்டகைக்கு வெளியே நாய்கள் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. நூறு நாயாவது இருக்கும். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று தொடங்கும் என்று பார்த்தால், எதுவுமே ஓய்வதாக இல்லை.

“இறுக்குது பஞ்சு” என்றான் பையன்.

“ஸ்ஸ்... இறுக்கட்டும். இறுக்குனாத்தான் குளுரு உள்ள போவாது. கால நீட்டு, எஞ்சாமில்ல.”

கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நஜீஹா கொட்டகையின் அந்தக் கோடியில், கண்ணாடி முன்னால் நின்று, தலைத்துணிக்கு மேல் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நாய்ச் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது.

பையன் பெயர் மக்தூம். ஐந்து வயது. நஜீஹா பெற்றாள், பஞ்சவர்ணம் வளர்த்தாள். அபுதாபியிலிருந்து நார்வேயின் ஆஸ்லோ வரை நஜீஹாவின் கணவரும் கூட வந்தார். அவருக்கு அங்கே சில நாள் கம்பெனி வேலை. அவரை அங்கே விட்டுவிட்டு இவர்கள் மூன்று பேரும் இன்னொரு விமானம் ஏறி வடக்கே ட்ரோம்சோவுக்கு வந்திருந்தார்கள். சூரியன் எழாத மாதம். நண்பகலை ஒட்டி வானம் கொஞ்ச நேரம் நீலமாக வெளுக்கும். அதுதான் அங்கே பகல். ஹோட்டல் வாசலில் பஸ்ஸில் ஏற்றி, நாய் இழுக்கும் சறுக்குவண்டியில் பனிமேல் ஒரு சுற்றுக் கூட்டிப்போய், கூடாரத்தில் சூப் கொடுத்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஒருநாள் சுற்றுலா இது.

செம்பட்டை முடியைப் பின்னிப்போட்டிருந்த வழிகாட்டிப் பெண் பூட்ஸ்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். விரல்களை ஆட்டிக் காட்டினாள். நஜீஹா கண்ணாடியிலிருந்து திரும்பித் தலையாட்டினாள். பஞ்சவர்ணத்துக்கு ஆங்கிலம் வராது. அவளும் சிரித்துத் தலையாட்டினாள்.

பூட்ஸுக்குள் மக்தூமின் காலில் என்னென்ன இருக்கிறது என்று நஜீஹாவுக்குத் தெரியாது. பையனுக்கு அவள் ஒருநாளும் காலுறை மாட்டியதில்லை.

புறப்படுவதற்கு முந்தின வாரம் பாண்டித்துரை போனில் சொல்லியிருந்தான். அவன் பஞ்சவர்ணத்தின் தம்பி. அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் மீனும் கோழியும் வைக்கிற ஒரு குளிர்க்கிடங்கில் வேலை.

“வெயிலுக்குப் பொழைக்க வந்த எடத்துல உன்னைய ஐஸுக்குக் கூட்டிட்டுப் போறாகளாக்கும். அதுவும் நாய் வண்டியாம்ல. நம்ம கமுதி நாயி வண்டியக் கண்டா வெரட்டத்தான செய்யும்?”

“சும்மா இருடா. மாமா கேட்டா வையும்.”

வீட்டுவேலைக்கு வந்த பெண்கள் எஜமானியை மாமா என்றும் எஜமானரை பாபா என்றும்தான் கூப்பிடுவார்கள். பாண்டித்துரைக்கு அதில் தீராத சிரிப்பு.

“பொம்பளைய மாமாங்குற. நாளைக்கு ஊருக்கு வந்து என்னைய அத்தேம்ப. சரி, குளுரப் பத்தி எங்கிட்டக் கேளுக்கா. மைனஸ் பதினெட்டுல நிக்கிறவன் நானு. மொதல்ல ஒரு சாக்ஸு. அதுக்கு மேல பிளாஸ்டிக் கவரு. கவருக்கு மேல இன்னும் ரெண்டு சாக்ஸு. அப்பறம் பூட்ஸு. கம்முனு சூடா இருக்கும் காலு.”

“சின்னப் புள்ளைக்குமா?”

“சின்னப் புள்ளைக்குத்தேன் இன்னும் நல்லது. வர்றப்ப கொஞ்சம் ஐஸு கொண்டாக்கா.”

“ஒங்க ஸ்டோர்ல இல்லாத ஐஸா?”

தெருமுனை பக்காலாக் கடையில் ரொட்டி வாங்கின நீலப் பைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். இன்று காலை ஹோட்டல் அறையில், நஜீஹா குளித்துக்கொண்டிருந்தபோது, தம்பி சொன்ன வரிசைப்படியே பையனுக்கு மாட்டினாள். அவளுக்கென்று ஒரு ஜோடிதான் மிஞ்சியது. பெரிய ஆளுக்கு அது போதும்.

பாண்டித்துரையிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதும் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

மக்தூம் பிறந்த பின் நஜீஹா பல மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். பிள்ளையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் கிடத்தினால் கண்ணை மூடிக்கொள்வாள். மாமியார் வீட்டில் அதைச் சோம்பல் என்றார்கள். டாக்டர் வேறு ஒரு பெயர் சொன்னார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் வங்கி வேலைக்குப் போனாள். அதற்குள் பிள்ளை பஞ்சவர்ணத்தின் பாயில் தூங்கவும், அவள் பிசைந்த சோற்றைத் தின்னவும், அவள் பேச்சைப் பேசவும் பழகியிருந்தான். கமுதிப் பக்கத்துத் தமிழ் அப்படியே அவன் வாயில் இருந்தது. அரபு புரியும், பேசமாட்டான். நஜீஹாவை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டான். ஏதாவது வேண்டுமென்றால் அவள் கையைப் பிடித்து இழுப்பான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார்கள். டீச்சர் காட்டிய படங்களையெல்லாம் பார்த்து மக்தூம் ஒட்டகம், நெலா, வாழப்பழம் என்றான். ஒன்று விடாமல் சரியாகச் சொன்னான். ஆயா வேலை பார்த்த மலையாளிப் பெண்தான் சிரித்துக்கொண்டே டீச்சருக்கு அர்த்தம் சொன்னாள். நஜீஹா காருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். டிரைவர் முகம்மது யூசுப் வெளியே வெயிலில் நின்றான்.

அன்று சாயங்காலம் நஜீஹா சமையலறைக்கு வந்தாள்.

“இவனை நார்வேக்குக் கூட்டிப்போகிறேன்” என்றாள் அரபியில், பஞ்சவர்ணத்துக்குப் புரிகிற மாதிரி மெதுவாக. “நீயும் வா. ஆனால் அங்கே அவனைத் தூக்காதே. உன் மொழியில் பேசாதே. கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி இரு. அவன் என்னிடம் வர வேண்டும். வந்துவிட்டால் நீ இங்கேயே இரு, கிழவியாகும் வரை இரு. வரவில்லையென்றால் கலாஸ், முடிந்தது. உன்னை அனுப்பிவிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.” கழுவுதொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

“அவன ஒதுக்குனாத்தேன் அவங்கூட இருக்க முடியும்னா, என்னக்கா கணக்கு இது?” என்றான் பாண்டித்துரை போனில்.

பஞ்சவர்ணத்துக்கு நஜீஹா மேல் கோபம் வரவில்லை. அபுதாபிக்கு வருவதற்கு முன்னால், புருஷன் செத்த மறுவருஷம், பஞ்சவர்ணம் முதலில் பஹ்ரைனுக்குத்தான் போனாள். ஈசா டவுனில் ஒரு தமிழ் வீட்டில் சமையல். மகள் ராதிகாவை ஓரகத்தியிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். முதல் லீவில் ஊருக்குப் போய் இறங்கினபோது ராதிகா ஓரகத்தியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. பொம்மையைக் காட்டியும் வரவில்லை.

“நீ நிக்கிறனாலதேன் அது எங்கிட்ட வரமாட்டேங்குது. கொஞ்சம் தள்ளி நின்னா என்ன கொறஞ்சா போயிருவ?” என்று ஓரகத்தியிடம் சண்டை பிடித்தாள்.

ஓரகத்தி துணியை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். ராதிகா வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்து அழுதது. லீவு முடிகிற வரைக்கும் அழுதது. ராதிகா இப்போது திருப்பூரில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். போன் பண்ணினால் நன்றாகத்தான் பேசுகிறாள்.

தள்ளி நிற்பது என்றால் என்ன என்று பஞ்சவர்ணம் அப்போது யோசித்ததில்லை.

கொட்டகைக்கு வெளியே இரண்டு வண்டிகள் தயாராக நின்றன. முன்வண்டியில் நஜீஹாவும் மக்தூமும். கால்களை நீட்டி உட்கார்ந்த நஜீஹாவின் மடியிடுக்கில் பையனை வைத்து, மேலே கம்பளியைப் போட்டு, மான்தோலையும் போட்டு மூடினார்கள். வழிகாட்டிப் பெண் வண்டியின் பின்கட்டையில் ஏறி நின்றாள். பின்வண்டியில் பஞ்சவர்ணம் மட்டும். அவளுக்குப் பின்னால் தாடிக்காரன் ஒருவன் நின்று ஓட்டினான். நாய்கள் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தன, எகிறின, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கத்தின. மக்தூம் மான்தோலுக்கு மேல் தலையை நீட்டிப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

“பஞ்சு, நீ இங்க வா.”

அவள் நாய்களைப் பார்த்தாள்.

“பஞ்சு!”

வண்டி கிளம்பியது. கிளம்பிய அதே நொடியில் ஊளை நின்றது. பஞ்சவர்ணம் நாய்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஓடும்போது அவை குரைப்பதில்லை. வண்டிக் கட்டை பனியில் உரசுகிற சத்தம், நாய்களின் மூச்சு, வேறெதுவும் இல்லை. இருபுறமும் மலை, நடுவில் வெள்ளைத் தரை, எல்லாவற்றின் மேலும் அந்த நீலம். இவ்வளவு சத்தமில்லாத இடத்தில் அவள் அதுவரை இருந்ததில்லை.

அதனால் முன்வண்டியில் பையன் பேசியது சொல் பிசகாமல் கேட்டது.

“பஞ்சு, காலு குத்துது.”

நஜீஹா குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள்.

“பஞ்சு... காலு வலிக்குது பஞ்சு.”

அழத் தொடங்கினான். ஹோட்டலிலும் இப்படித்தான். வந்த அன்று ராத்திரி நஜீஹாவின் கட்டிலில் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்து, வயிறு வலிக்கிறது என்றான், பல் வலிக்கிறது என்றான். பஞ்சவர்ணம் பக்கத்து அறையில் படுத்துத் தலையணையைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் வலி எதுவும் இல்லை.

நஜீஹா அவன் தலையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டது பின்னாலிருந்து தெரிந்தது. முன்னும் பின்னுமாக ஆட்டினாள். அப்படித்தான் ஆட்ட வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது.

இப்போது ஒரு குரல் கொடுத்தால் போதும், அவன் அடங்கிவிடுவான். அடங்கி, அந்த மடியிலிருந்து இந்தப் பக்கம் திரும்பிவிடுவான். பஞ்சவர்ணம் கழுத்துத் துணியை இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

வண்டிகள் உறைந்த ஏரி ஒன்றைக் கடந்தன.

“பஞ்சு, என் காலக் காணோம்” என்றான் மக்தூம்.

உரக்கச் சொல்லவில்லை. தொலைந்த பொருளைச் சொல்வதுபோலச் சொன்னான். அதற்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது. நஜீஹாவின் தோளுக்குமேல் அவன் தொப்பி மட்டும் தெரிந்தது. அசையவில்லை. தூங்கிவிட்டான் என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். பெற்றவள் மடியில் முதல் முதலாகத் தூங்குகிறான். வாயிலிருந்த துணியை எடுத்தாள். நெஞ்சுக்குள் வலித்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. கிழவியாகும் வரை இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவனுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் கூட இருக்கலாம்.

கூடாரத்தருகே வண்டிகள் நின்றன. நஜீஹா பையனை இறக்கி நிறுத்தினாள். அவன் நின்றான். ஓரடி வைத்தான். அப்படியே முகங்குப்புறப் பனியில் விழுந்தான். எழுந்திருக்க முயலவில்லை.

வழிகாட்டிப் பெண் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவனை வாரித் தூக்கிக் கூடாரத்துக்குள் கொண்டுபோய், நெருப்புக்குச் சற்றுத் தள்ளியிருந்த பலகையில் வைத்தாள். பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். ஒரு காலுறை. அதன்கீழ் இன்னொன்று. அதன்கீழ் நீலப் பை. அதைக் கண்டதும் அவள் கை நின்றது. பையைக் கிழித்தாள். உள்ளே இருந்த காலுறை வேர்வையில் ஊறி, விரல் பக்கம் விறைத்திருந்தது. அதையும் உருவினாள்.

விரல்கள் மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தன.

பாண்டித்துரை சொன்னதில் பொய் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. குளிர்க்கிடங்கில் அவர்கள் அரைமணிக்கு ஒருதரம் வெளியே வருவார்கள். வெளியே முசஃபாவின் வெயில் நிற்கும். அதைப் போய் யாராவது சொல்வார்களா? உள்ளே போனால் வெளியே வருவது இருக்கத்தானே செய்யும்.

வழிகாட்டிப் பெண் நஜீஹாவிடம் வேகவேகமாகப் பேசினாள். நஜீஹா புரியாதவள்போல நின்றாள். அந்தப் பெண்ணே அவளுடைய மேலுடையின் ஜிப்பை இழுத்துத் திறந்து, கம்பளிச் சட்டையை மேலே சுருட்டிவிட்டு, பையனின் இரண்டு பாதங்களையும் அவள் வெறும் வயிற்றில் வைத்து அழுத்தினாள். நஜீஹா அலறினாள். ஆனால் விலகவில்லை. இரண்டு கையாலும் பாதங்களைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

பஞ்சவர்ணம் கூடாரத்து வாசலில் நின்றாள். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ரத்தம் திரும்பியது. அது திரும்பும்போதுதான் வலி. மக்தூம் கத்தினான். அப்படி அவன் கத்தி அவள் கேட்டதில்லை. உதறினான், நஜீஹாவின் முகத்தில் அறைந்தான். அவள் விடவில்லை. “ஹபீபி, ஹபீபி, இதோ, இதோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கத்திக் கத்திக் களைத்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “யும்மா” என்றான். “யும்மா, யும்மா.”

அரபுப் பிள்ளைகள் தாயைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டான்.

விரல்கள் சிவந்தன. வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினாள். நல்லவேளை என்பதுபோல மூச்சுவிட்டாள். கிழிந்த நீலப் பையைக் கையில் எடுத்து, நஜீஹாவிடம் காட்டி ஏதோ கேட்டாள்.

நஜீஹா வாசலைப் பார்த்தாள்.

“இதை மாட்டியது யார்?”

“அனா, மாமா. நாந்தேன்.”

“ஒரு காலுறைதான் போட வேண்டும், விரல் அசையாமல் இறுக்கினால் ரத்தம் ஓடாது என்று இந்தப் பெண் அங்கேயே சொன்னாள்.”

பஞ்சவர்ணம் கிழிந்த பையைப் பார்த்தாள்.

“வண்டியில் இவன் அழுதது உனக்குக் கேட்டதா?”

“கேட்டது.”

“என்ன சொன்னான்?”

பஞ்சவர்ணம் தனக்குத் தெரிந்த அரபியில் தேடினாள். “கால் வலிக்குதுன்னான். அப்புறம், கால் மாஃபின்னான். கால் இல்லைன்னு.”

நஜீஹாவின் முகம் ஒருமாதிரி கோணியது. “உன்னைக் கேட்டு அழுகிறான் என்று நினைத்தேன்” என்றாள்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன், மாமா.”

அடுப்பில் விறகு வெடித்தது. தாடிக்காரன் சூப் கிண்ணங்களை வரிசையாக வைத்துவிட்டு வெளியே போனான். நாய்களுக்குத் தீனி வைக்கிறார்கள் போலிருந்தது, மறுபடியும் ஊளை கிளம்பியது. நஜீஹா ஒரு கரண்டி சூப்பை ஊதி மகன் வாயில் வைத்தாள். அவன் குடித்தான். பஞ்சவர்ணம் நின்ற பக்கம் அவன் கண் ஒருதரம் வந்தது. வந்து, கூடாரத்துத் துணியைப் பார்ப்பதுபோல அவளையும் பார்த்துவிட்டு, கரண்டிக்குத் திரும்பியது.

பஸ்ஸில் அவன் தாயின் மேல் படுத்துத் தூங்கினான். பஞ்சவர்ணம் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஹோட்டலுக்கு ஒரு டாக்டர் வந்தார். பாதங்களைப் பார்த்துவிட்டு, தோல் உரியும், வேறொன்றும் இல்லை என்றார். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். பஞ்சவர்ணம் பெட்டிகளைக் கட்டினாள். பதினோரு மணிக்கு விமானம். ஆஸ்லோவில் நஜீஹாவின் கணவர் வந்து சேர்ந்துகொண்டார். அவரும் நஜீஹாவும் காத்திருப்பு இடத்தில் வெகுநேரம் பேசினார்கள். பிறகு நஜீஹா பஞ்சவர்ணத்திடம் வந்தாள். பையன் தன்னிடம் வந்துவிட்டதாகவும், அதனால் சொன்ன சொல்லை மாற்றப்போவதில்லை என்றும், பஞ்சவர்ணம் வீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொன்னாள். இனிமேல் சமையலறை மட்டும். பையனுக்கு ஆங்கிலம் பேசுகிற ஒரு பெண்ணை மணிலாவிலிருந்து வரவழைக்கிறார்கள். அவள் வருகிற வரை நஜீஹா விடுப்பு எடுத்துக்கொள்வாள். பஞ்சவர்ணம் சரி என்றாள். சாப்பிட என்ன வேண்டும் என்று பாபா கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றாள்.

அபுதாபி விமானத்தில் அவர்கள் மூவருக்கும் முன்னால் இடம். பஞ்சவர்ணத்துக்குப் பின்பகுதியில் நடு இருக்கை. ஒரு பக்கம் தூங்குகிற பாகிஸ்தானி, இன்னொரு பக்கம் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற ஒரு வெள்ளைக்காரர். சோறும் கோழியும் கொடுத்தார்கள். சாப்பிட்டாள். கழிப்பறைக்கு ஒருமுறை போனாள். முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவில் திரை போட்டிருந்தது. இறங்கியதும் பெட்டிகள் வர நேரமானது. முகம்மது யூசுப் காரோடு நின்றான். எப்படி இருந்தது என்று கேட்டான். குளிர் என்றாள். வீட்டுக்குப் போனதும் பையனின் அறையிலிருந்து தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு வந்து சமையலறைக்குப் பக்கத்து அறையில் போட்டாள். மறுநாள் சமையலுக்குக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டாள்.